பை உள்ளே வரக் கூடாது

வெளியூர் போய் ஓட்டலில் அறை எடுத்தால், உள்ளே நுழைந்ததும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. முதலில் குளியலறையில் வைக்க வேண்டும். பிறகு விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தையின் ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். துருப் பிடித்த மாதிரிச் சின்னப் புள்ளிகள் தென்பட்டால் அங்கே மூட்டைப்பூச்சி இருக்கிறது. வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை கொடுத்தால் வாங்காதீர்கள், சுவரிடுக்கு வழியாக அங்கேயும் போயிருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் பையை வாசலுக்கு வெளியிலேயே வைத்துத் துணியையெல்லாம் கொதிநீரில் போட்டுவிட வேண்டும். உங்கள் போலீஸ் வேலையில் அடிக்கடி லாட்ஜில் தங்க நேரும் என்பதால் சொல்கிறேன்.

என் மகளைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

என் வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் லாட்ஜ் வாசம். ஒரு தடவை பெட்டியோடு மூட்டைப்பூச்சியையும் கொண்டுவந்து சேர்த்தார். எங்களுக்குத் தெரிவதற்குள் கீழ்வீட்டுக்கும் பரவிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் கட்டிலையும் மெத்தையையும் தெருவில் தூக்கிப் போடச் சொன்னார். பட்டப்பகலில் போட்டோம். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகள் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து, "காத்து நல்லா வருதும்மா அங்க" என்று சொன்னாள். அப்படிப்பட்ட பெண் அவள். யாரையும் குறை சொல்லத் தெரியாது.

அவர் இறந்துபோன பிறகு நான் ஒரு பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வை. இரண்டு பிள்ளைகளையும் அந்த வேலையில்தான் ஆளாக்கினேன். மகளை ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துபவருக்குக் கட்டிக்கொடுத்தேன். மருமகனைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று ஊரே சொல்லும். மாணவன் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோதினாலும் குரல் உயராது. கடைசியில் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு வந்துவிட்டேன். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். கைக்குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் சில தடவை ஃபோனில் அழுதாள். "எல்லா வீட்லயும் இருக்கறதுதான், கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றேன். எந்த அம்மாவும் அதைத்தானே சொல்வாள். மருமகள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "அத்தை, உங்க பொண்ணு இங்க வந்து உக்காந்துட்டா நாங்க வேற வீடு பாத்துக்கறோம். இருக்கறதே ரெண்டு ரூம்." கோபமாகச் சொல்லவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகன் அங்கேதான் இருந்தான். பேப்பரைத் திருப்பிப் படித்தான்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மதியம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. திறந்தால் மகள் நிற்கிறாள். தோளில் ஒரு நீலத் துணிப்பை. ஃபோனைக்கூட எடுக்காமல் வந்துவிட்டாள்.

"எங்கேர்ந்து வர்ற?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்லேர்ந்தும்மா. ரெண்டு நாளா அங்கதான் இருக்கேன்."

"பையைக் கீழ வைக்காத. அப்படியே மொட்டை மாடிக்குப் போ. நான் வர்றேன்."

படியேறிப் போனாள்.

என் பழைய புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றிக்கொள்ளச் சொல்லி, அவள் துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினேன். பையை வெயிலில் கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். ஜிப்பின் பல், தையல், அடியில் இருந்த அட்டை, ஒன்றையும் விடவில்லை. பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. பை சுத்தமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே ஒரு பக்கம் நான்கு தடம், மறுபக்கம் ஒன்று. கழுத்துக்குக் கீழேயும் இருந்தது. ஓட்டலில் யாராவது உடம்பைக் காட்டிப் புகார் சொன்னால் மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். கொசு எது, மூட்டைப்பூச்சி எது, ஒவ்வாமை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"பூச்சி கடிச்சிருக்கு" என்றேன்.

"பூச்சி இல்லம்மா."

"பூச்சிதான். எனக்குத் தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "சரிம்மா, பூச்சிதான்" என்றாள்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நல்ல பசி. இன்னும் கொஞ்சம் போட்டேன். அந்த மட்டில் நான் அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"கைக்குழந்தை இருக்கற வீடு. ரெண்டு நாள் அந்த லாட்ஜ்லயே இரு. பையைக் காய வெச்சு எடுத்து வெக்கறேன். அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"குட்டிய ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேம்மா. தொடமாட்டேன். கதவுகிட்ட நின்னு பாக்கறேன்."

"தூங்குது. இன்னொரு நாள் பாக்கலாம்."

தலையாட்டினாள். என்ன லாட்ஜ், எந்த மாடி, எந்த அறை என்று கேட்டேன். கீழ்த்தளம் என்றால் பூச்சி அதிகம், அதனால் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சொன்னாள். சொல்லிவிட்டு, நான் அக்கறையாகக் கேட்டதற்காக என்று நினைக்கிறேன், லேசாகச் சிரித்தாள்.

மாடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். என் புடவையில், கையில் எதுவுமில்லாமல், தெருவின் நிழல் இருந்த பக்கமாக நடந்து போனாள். முனையில் நின்று திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் லாட்ஜ் மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று மருமகன் ஃபோன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். கை வெளியே இருந்தது. புதிதாக இன்னும் சில தடங்கள் இருந்தன. அந்தக் கையைத் தலைப்பால் மூடிவிட்டு அழுதேன். பொய்யாக அழவில்லை. இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தலையைத் தூக்காமல் சாப்பிட்டது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாதியில் எழுந்துவிடுகிறேன்.

லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கித் தேடிக் கண்டுபிடித்ததாக மருமகன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு எண்ணிலிருந்து அன்று அவருக்கு ஒரு அழைப்பு போயிருக்கிறதே என்று நீங்கள் கேட்டதற்கு, அத்தை சும்மா நலம் விசாரித்தார் என்றாராம். என் பெயரை இழுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். மரியாதை தெரிந்தவர்.

அவர் தேடவில்லை. தேடும்படி நான் வைக்கவில்லை. மகள் தெருமுனை தாண்டியதும் கீழே வந்து அவருக்கு ஃபோன் போட்டேன். இந்த லாட்ஜில் இருக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றேன்.

"ரூம் நம்பர் தெரியுமா அத்தை?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் கையில் இருந்தவை விரல்கள் பதிந்த தடங்கள் என்று எனக்குத் தெரியும். யாருடைய விரல்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் அறை எண்ணைச் சொன்னேன். சரியாகக் கேட்டதா என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. நான் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கினேன்.