பதுர்தீன் நானாவின் சனிக்கிழமைத் தண்ணீர்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே! பள்ளிவாசல் நிருவாகத்தாரே! சக ஆசிரியர்களே! மாத்தளை நகரின் பெரியோர்களே! பின்னால் உட்காராமல் நிற்கும் தோட்டத்து மக்களே, முன்னால் வாருங்கள்! இது உங்கள் மனிதருக்கான கூட்டம்.

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் மர்ஹூம் கலந்தர் பதுர்தீன் போன செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலியில் காலமானார். பதினேழு வருடமாக ஆய்வுகூடக் கதவைத் திறந்தவர் அவர். மூன்று நாளாக நான் திறக்கிறேன். உள்ளே போனால் பேச ஆள் இல்லை. இரசாயன ஆசிரியன் என்ற பெயர்தான் எனக்கு; இரசாயனத்தை வாழ்ந்து காட்டியவர் அவர்!

இறக்குமதி நின்று, அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் கிடைக்காதபோது நாங்கள் கையை விரித்தோம். அவர் என்ன செய்தார்? செவ்வரத்தம்பூவை அவித்து, அந்தச் சாற்றில் தாளை ஊறவைத்துக் காயப்போட்டார்! அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும். "சீமைத் தாளுக்கு இது என்ன கொறச்சல் சேர்?" என்று சிரிப்பார்.

அந்தத் தாளை ஆய்வுகூடத்தோடு விட்டாரா? இல்லை! தோட்டத்து ஓடைக்குக் கொண்டுபோனார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் ஆலையின் கழிவுநீர்க் கான் வழியாக அந்த ஓடையில்தான் விழுகிறது. அதில் துவைக்கும் பெண்களுக்குக் கையும் காலும் எரியும். தாள் சிவந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் சூளையில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். தாள் சிவக்காமல் நிற்கும்வரை கானில் கரைத்து ஊற்றுவார்.

வாரத்தில் ஒரு நாள் போதுமா? தினமும் ஆலையே சுண்ணாம்பு போட வேண்டும் என்று மனு எழுதி, கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். எனக்கு இடமாற்றப் பயம். "நான் நடுநிலை, நானா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நீங்கதானே சேர் படிச்சிக் குடுக்கிறீங்க? அமிலம் சும்மா நடுநிலையாகுமா? யாராச்சும் சுண்ணாம்பு போடணுமே" என்றார். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று சனிக்கிழமை. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். அங்கே துவைக்கும் வேலம்மா துணிக்கூடையோடு காத்திருந்தார். "நானா இன்னும் வரலீங்களே? சனிக்கிழமைத் தண்ணியிலதாங்க புள்ளய குளிப்பாட்டுவேன்" என்றார். அவருக்குச் செய்தி தெரியாது. நான்தான் சொன்னேன். தாளை நனைத்தேன். சிவந்தது. அந்த மனிதர் இத்தனை சனிக்கிழமை அங்கே எவ்வளவு தனியாக நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐயோ, எவ்வளவு காலம் கடந்து தெரிந்தது!

அவருடைய மனைவி ஹவ்வா அந்த மனுவை எனக்கு அனுப்பியிருக்கிறார். அதில் அவருடைய ஒரே ஒரு கையெழுத்து, இரண்டாம் வரியில். முதல் வரியை எனக்காக விட்டு வைத்திருந்தாராம்.

அவருக்கு மேலே எழுத எனக்குத் தகுதி இல்லை. இந்தச் சபை பார்த்திருக்க, கீழே என் பெயரை எழுதுகிறேன். நாளைக் காலை இதை நானே ஆலைத் துரையிடம் கொடுப்பேன். இறைவன் பதுர்தீன் நானாவை அருகில் வைத்துக்கொள்ளட்டும்.

வேலம்மா, வருகிற சனிக்கிழமை நான் சுண்ணாம்போடு வருகிறேன். பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.