நாப்பத்திரெண்டாவது நாவல்

பாத்து வாங்க சார், அந்தப் படியில பனி உறைஞ்சு கிடக்கு. உங்க காகிதத்தை மேசை மேல வைக்காதீங்க, பாப்பா எட்டிப் புடிச்சா வாயிலதான் போடுவா.

ஆமா, உங்க பல்கலைக்கழகத்துக்குன்னு எங்க மாமனார் எடுத்து வச்சது மொத்தம் பதினாலு பெட்டி. கடைசிப் பெட்டிக்கு வரேன், இருங்க. முதல்ல இதைப் பாருங்க, பூரா வாசகர் கடுதாசி. எங்க மாமனார் முதல் நாவல்ல, கதாநாயகன் குதிரைக்கு வலப்பக்கமாப் போய் ஏறினான்னு எழுதிட்டார். நம்ம வயோமிங்ல பால்குடி மறக்காத புள்ளைகூட இடப்பக்கந்தான் ஏறும். முன்னூத்திப் பதினோரு பேர் திட்டி எழுதியிருக்காங்க. அந்தக் குதிரை அப்படிப் பழகினதுன்னு எல்லாருக்கும் பதில் போட்டிருக்கார்.

இல்ல சார், மாமா குதிரை ஏறினதே இல்ல. பயம். மாடும் அப்படித்தான். இந்தப் பண்ணை அத்தையோட சொத்து, பாடுபடுறது என் வீட்டுக்காரரு. மாமா அந்த ஜன்னல் ஓரமா தொப்பியைப் போட்டுக்கிட்டு டைப் அடிப்பார், சாப்பாட்டுக்கு வந்தா கழட்டிருவார். எல்மோ ரிக்கட்ஸ்னு பேரு போட்டு நாப்பத்தோரு கௌபாய் புத்தகம். பின்னட்டையில சேணத்து மேல உக்காந்திருப்பாரே, பாத்திருக்கீங்களா? அந்தச் சேணம் வேலி மேல இருந்துச்சு. படத்தோட கீழ்ப்பக்கத்தை வெட்டிட்டாங்க.

வாசகருங்க தேடி வந்து உங்க குதிரை எங்கன்னு கேப்பாங்க. பக்கத்துப் பண்ணைக்கு இரவல் குடுத்திருக்கேன்பார். இருபத்திரெண்டு வருஷமா இரவல். பக்கத்துப் பண்ணை பர்ல் ஹட்டன் மாட்டுச் சந்தையில நின்னுக்கிட்டு, எல்மோ, உன் குதிரை இன்னிக்கும் ஒரு கட்டு புல்லைத் தின்னுடுச்சுப்பான்னு கத்துவார். சந்தையே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துருவார்.

காபி ஊத்தட்டுமா? செர்ரிப் பழம் வச்சுச் சுட்ட பை பலகாரம் இருக்கு, ஒரு துண்டு எடுத்துக்குங்க.

வரேன் சார், அதுக்குத்தானே வரேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனவரியில உங்க பல்கலைக்கழகத்துல இருந்து கடுதாசி வந்துச்சுல்ல, அச்சாகாத கடைசி நாவலும் சேந்து இருந்தாத்தான் எல்லாத்தையும் வாங்கி வைப்போம்னு. அதை மடிச்சுத் தொப்பிக்குள்ள வச்சுக்கிட்டார் மனுஷன். வேனெட்டா, இனிமே நான் செத்தாலும் ஒரு அலமாரியில இருப்பேன்னார். அப்புறம் நீங்க கேட்டுக் கேட்டு எழுதினப்பெல்லாம், திருத்திக்கிட்டிருக்கேன்னு பதில் போட்டார். போன இலையுதிர் காலத்துல போயும் சேந்துட்டார்.

அந்தக் கடுதாசி வந்த வருஷம் மார்ச்ல அடிச்ச பனிப்புயல் உங்க ஊர்ல எப்படியோ, இங்க மூணு நாள். கரண்டு இல்ல. கன்னு போடுற நேரம் வேற. என் வீட்டுக்காரரு பனிக்குள்ள இருந்து ஒரு கன்னைத் தூக்கிட்டு வந்து, இந்தா இந்த அடுப்புக்கிட்டப் போட்டுட்டு, அடுத்ததைத் தேடி ஓடிட்டாரு. அதோட தாய் அங்கேயே செத்துப்போச்சு. கன்னு கட்டையாக் கிடக்கு. விறகெல்லாம் ஈரம், பத்த வச்சாப் புகையுதே ஒழிய எரியல. செய்தித்தாள் தீந்துச்சு, விதைக் கடை விலைப்பட்டியல் தீந்துச்சு. நான் நாற்காலியை உடைக்கலாமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். மாமா எந்திரிச்சு உள்ள போனார்.

கார்பன் காப்பியா? அதுதான் சார் முதல்ல அடுப்புக்குள்ள போச்சு.

அப்புறம் நாவலோட அசல். நானூத்திப் பதினெட்டுப் பக்கம். ஒவ்வொண்ணா விறகுக்கு அடியில சொருகினார். சொருகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிப்பார். சீக்கிரம் மாமா, கன்னு செத்துரும்னு கத்தினேன். இந்தப் பக்கம் நல்லா வந்திருக்கும்மான்னார். இருநூறு தாண்டினப்புறம் படிக்கிறதை விட்டுட்டு அள்ளி அள்ளிப் போட்டார்.

கன்னு வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இனி கஷ்டம்னு சொன்னேன். சட்டைக் கையை மடிச்சுக்கிட்டார் மனுஷன். விட்டார். அப்புறம், சப்புதும்மான்னார். நாப்பத்தோரு புத்தகம் எழுதினவரு, அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு கன்னுக்குட்டியைத் தொட்டார்.

வெளியில மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா, எழுதினதுல அது ஒண்ணுதான் உருப்படியாப் பயன்பட்டுச்சுன்னு பர்ல் ஹட்டன் சந்தையில கத்துவாருல்ல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனா உங்ககிட்டப் பொய் சொல்லி இந்தப் பெட்டிங்களை வண்டியில ஏத்த எனக்கு மனசு வரல. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, திரும்ப மாடிக்குத் தூக்கிக்கிறேன்.

பதினாலாவது பெட்டி காலிதான். மேலே நாவல் பேரு மட்டும் எழுதியிருக்கு.

அப்படி ஜன்னல் வழியாப் பாருங்க, வேலி ஓரமா, சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், அந்தக் கன்னுதான் இப்ப வளந்து நிக்குது. காதுல குத்தின நம்பர் வில்லை தெரியுதா? எங்க மாட்டுக்கெல்லாம் முன்னூறுல இருந்து நம்பர் வரும். அது ஒண்ணுக்கு மட்டும் நாப்பத்திரெண்டு. மாமா நின்னு குத்தச் சொன்னது.

உங்க லிஸ்ட்டுல எப்படிப் போடணுமோ போட்டுக்குங்க சார். கீழ மட்டும் ஒரு வரி இடம் விடுங்க. அடுத்த வாரம் அது கன்னு போடும்.