மிளகாய்க்குக் கண்ணாடி

— தெரியுதா இல்லியா, அத்தச் சொல்லு மாமா.

— சூப்பரா தெரியுது அன்பு. செவப்பு தனி, பச்ச தனி. நீ நாளைக்கு நிம்மதியாக் கெளம்பு.

— பழுத்த மொளவா ஒண்ணு பறி, பாக்கலாம்.

— இந்தா.

— இது பச்சக் காய்.

— வெயிலு கண்ண அடிச்சுது, அதான்.

— வெயிலா? நீ போட்டுகினு இருக்கிறது ஜீப்பு ஓட்டுற ரமேஷோட கூலிங் கிளாஸு. செவப்பு, பச்ச பிரிச்சுக் காட்டும்னு ஷூ கம்பெனி ரைஹானா அக்கா வாங்கியாந்தது என் மடியில இருக்குது.

— அடிப்பாவி! புருசனுக்கே பரிச்ச வெச்சியா?

— வெக்காம? எதக் குடுத்தாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவே, என்னிய அனுப்பணும்னு.

— ஆமா. வாணியம்பாடி ஷூ கம்பெனில வேல கெடச்சிருக்குது. தையல்னா உனக்கு உசுரு. செவப்பு, பச்ச பிரிச்சுத் தெரியாத என் கண்ணால அது கெடக் கூடாது.

— போன வருசம் நான் எங்கம்மா வூட்டுக்குப் போனப்ப இன்னா பண்ணே? காயும் பழமும் ஒண்ணாப் பறிச்சு களத்துல கொட்டினே. பச்சையெல்லாம் காஞ்சி வெள்ளையாப் பூட்ச்சு. வியாபாரி கலீல் பாய் கையில எடுத்துப் பாத்துச் சிரிச்சாரு.

— அவருதான் சிரிச்சாரு, நீ சிரிக்கல. அன்னிலேர்ந்து நீ முன்னால பழத்த வெரலால தொட்டுக் காட்டிகினே போறே, நான் பின்னாலயே பறிச்சுகினு வர்றேன். புதுசாக் கல்யாணம் ஆன ஜோடியாட்டம்னு ஊரே கேலி பண்ணுது.

— பண்ணட்டும். இனி வாரம் பூரா நான் மலைக்குக் கீழ, கம்பெனி ஹாஸ்டல்ல. ஆரு தொட்டுக் காட்டுவா உனக்கு?

— அதுக்குத்தான கண்ணாடி? குடு இப்டி.

— மெதுவா, காதுல மாட்டு. இப்ப இன்னா தெரியுது? பொய் சொல்லாத.

— அட! பழமெல்லாம் எலைக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்குதுடி! இது பழம். இது காய். இது... இதுவும் பழம். சரியா?

— சரி மாமா. எல்லாமே சரி.

— அப்பறம் இன்னா, கொஞ்சம் சிரியேன்.

— சிரிச்சுகினுதான இருக்கேன். நாளைக்கு ஜாலியா ஜீப்புல ஏறிப் போய்ட்டே இருப்பேன், பாரு.

— இங்க திரும்பு. கண்ணு இன்னா, இப்டிப் பழமாட்டம் செவந்து கெடக்குது?

— மொளவா நெடி.

— இன்னிக்கு நீ ஒரு மொளவாயத் தொடல. எத்தினி வாட்டிடி இப்டி, அழுத கண்ணோட என் எதிர்லயே நின்னு சிரிச்சே?