காலி செய்யும் குடித்தனக்காரர்

குழந்தைகளே, எங்கள் ஊர்ப் பழைய பாறைக்குழியில் நகரத்துக் குப்பையைக் கொட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஊராட்சி அலுவலகத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா எழுத்தரிடம் இப்படிக் கேட்டார்.

“ஏனுங்க சார், எங்கூட்டுல குடியிருக்கற நீங்களே காலி பண்றீங்களாமே? அப்பக் குப்பை வருதுங்களா?”

“இன்னும் முடிவாகலீங்கம்மா. பையனுக்கு ஸ்கூல் தூரமுங்க.”

“ஸ்கூல் வேன் வாசலுக்கே வருதுங்களே?”

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

“குப்பைத்தண்ணி எறங்குனா எங்க கெணறு என்னத்துக்கு ஆகுமுங்க? எங்களுக்கும் ஒரு ஊடு பாருங்க சார். கெணத்தையும் தூக்கிட்டு வந்தர்றோம்.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கே எல்லாருமாக் கலெக்டரைப் போய்ப் பாருங்கம்மா. நாளைக்கு உத்தரவு வந்துருமுங்க.”