மாத்திரைப் பெட்டியில் எறும்பு

கேக் மேல் சர்க்கரை முத்து வைக்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது, டாக்டர். எனக்கு இதுவரை நடுங்கியதில்லை. கல்யாண கேக் என்றால் மூன்று அடுக்குக்கும் முத்துக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து ஒட்டுவேன். சர்க்கரைப் பாகை ஊசிமுனை அளவு தொட்டுக்கொண்டால் போதும், ஆடாது அசையாது. கடைக்காரர் என்னை வேறு வேலைக்கு விட்டதே இல்லை.

நீங்கள் என் தங்கையைப் பற்றித்தான் கேட்டீர்கள். வருகிறேன்.

சின்னவள் உங்களிடம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று உங்களுக்கே தெரியும். போன் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். வாசல்மணி அடித்தால் முகம் வெளுத்துவிடும். சில நாள் படுக்கையை விட்டே எழமாட்டாள். தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுப்பது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அவள்தான் காரணம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை.

படியேறும்போது மாடிவீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி அக்கா யாருக்கு கெடைப்பா" என்று உச்சுக்கொட்டுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். யாருக்குத்தான் நன்றாக இருக்காது?

பிறகு நீங்கள் அந்தக் கேப்சூலை எழுதிக்கொடுத்தீர்கள். உடனே வேலை செய்யாது, சில வாரம் பொறுக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். தலையாட்டினேன். மருந்து என்ன பெரிதாகக் கிழித்துவிடப் போகிறது என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

கிழித்துவிட்டது. முதலில் ஜன்னலைத் திறந்தாள். அப்புறம் தானே தலை வாரினாள். வகிடு கோணல்தான், ஆனால் சரிசெய்ய வந்த என் கையைத் தள்ளிவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சுருதி சேராமல் பாடினாள். கடைசியில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். போன் மணிக்கு ஒளிந்துகொண்டவள், ஒலிபெருக்கியில் ஊரையே கூப்பிட்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொன்னாள். நான் ஒருநாள் போய் நின்று கேட்டேன். கணீரென்று இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரம்மா இப்போது படியில் என்னைக் கண்டால் கேக் விலை விசாரித்துவிட்டுப் போய்விடுவார்.

நிலையத்தில்தான் அவளுக்கு அந்தப் பஸ் டிரைவர் அறிமுகமானார். நல்ல மனுஷர். கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பார். கல்யாணம் பேசியாயிற்று, ஊரின் மறுகோடியில் அவர் வீடு. அன்று சின்னவள் என் எதிரில் உட்கார்ந்து, வாயில் கேக் துண்டை வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, நான் போயிட்டா நீ தனியா சமாளிச்சுக்குவ இல்ல?"

"எனக்கென்ன, ஜாலியா இருப்பேன்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு வலித்தது. முன்பென்றால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். மருந்து அவளை மந்தமாக்கிவிட்டது என்று அப்போதே முடிவுக்கு வந்தேன்.

கேப்சூலை அட்டையிலிருந்து பிரித்துப் பெட்டியில் போட்டு வைப்பது நான்தான். ஒன்றைத் திறந்து பார்த்தது வெறும் ஆர்வத்தில்தான். இரண்டு பாதியையும் மெல்லத் திருகினால் கழன்றுவிடுகிறது. உள்ளே குட்டிக் குட்டியாக வெள்ளை முத்துகள். என் டப்பாவில் இருக்கும் சர்க்கரை முத்தில் மிகச் சின்ன ரகத்துக்கும் அதற்கும் அக்கா தங்கை மாதிரி அத்தனை ஒற்றுமை. நான் வேறு என்ன செய்வேன், சொல்லுங்கள்.

நான் விஷம் வைக்கவில்லை, டாக்டர். அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அதுவும் முதலில் ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் மாற்றினேன். எடுத்தவுடன் எல்லாவற்றையும் மாற்றுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. எடுத்த மருந்தைக் கொட்டவும் மனசு வரவில்லை, விலை கொடுத்து வாங்கியதல்லவா. ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். யாருடைய கேக்கிலும் அது கலக்கவில்லை. ஒரு பிறந்தநாள் கேக்கில் மட்டும் லேசாகச் சந்தேகம். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் கேள்விப்பட்டேன்.

சின்னவளுக்குத் தலை சுற்றியது. "தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குக்கா" என்றாள். தூக்கம் போயிற்று. ஒருநாள் நிலையத்தில் பாதி அறிவிப்பில் அவள் குரல் நின்றுவிட்டதாம். பயணிகளெல்லாம் அண்ணாந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். யாரோ ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

உங்களிடம் அழைத்து வந்தேன். நீங்கள் மாத்திரையை இரட்டிப்பாக்கினீர்கள். எனக்கும் வேலை இரட்டிப்பானது. நான் முகம் சுளிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அழுதாள். "எல்லாருக்கும் கேக்குற மருந்து எனக்கு மட்டும் கேக்கலக்கா. இனிமே நான் தேறவே மாட்டேன் போல." நான் தலையைக் கோதிக்கொடுத்தேன். "அக்கா இருக்கேன்ல" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவ்வளவு நிம்மதியான சாயங்காலம் அதற்குப் பிறகு வரவில்லை.

வேலையை விட்டாள். டிரைவரின் போனை எடுக்க மறுத்தாள். அவர் வாசலுக்கு வந்தபோதெல்லாம், அவள் தூங்குகிறாள் என்று நானே சொல்லி அனுப்பினேன். மாடிவீட்டுக்காரம்மா மறுபடி என் கையைப் பிடிக்க ஆரம்பித்தார்.

ஆனால் சின்னவள் எனக்குத் தெரியாமல் டிரைவருக்கு ஒருமுறை போன் பண்ணியிருக்கிறாள். தான் இல்லாவிட்டால் அக்காவாவது நிம்மதியாக இருப்பாள் என்று சொல்லி வைத்துவிட்டாளாம். மனுஷர் வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார். நான் கடையில் இருந்தேன். வீடு திரும்பியபோது, அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, தண்ணீர் டம்ளரும் கையுமாக மாத்திரை எடுக்க அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏங்க்கா, மருந்துப் பெட்டிக்கு எறும்பு வருமா?" என்றார்.

வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் தப்புதான். கேப்சூலை மூடும்போது ஓரத்தில் சர்க்கரைப் பாகைத் தொட்டு ஒட்டியிருக்கிறேன். மருந்து கம்பெனிக்காரன் செய்யாத வேலை அது, தேவையே இல்லை. தொழில் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அவர் ஒன்றைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அவளை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார்.

இப்போது உங்கள் நர்ஸம்மா பக்கத்தில் நின்று மாத்திரை விழுங்க வைக்கிறார். நேற்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சின்னவள் எழுந்து உட்கார்ந்து, நர்ஸம்மா சொன்ன எதற்கோ புன்னகைத்தாள். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லாதவள், அவளுக்கு என்ன தெரியும். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

வெளியே போலீஸ்காரம்மா காத்திருக்கிறார், நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான்தான் மாற்றினேன், தெரிந்தேதான் மாற்றினேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், டாக்டர். அவளை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டிரைவரை நம்பி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஆம்பிளை, நேரத்துக்குக் கொடுக்க மறந்துவிடுவார். என் கையில் கொடுங்கள்.