ஒற்றையாள் பாட்டில்

எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு வருடம் சோறு போட்டது என்னுடைய இடது கால்தான் ஐயா. வலது கால் சும்மா துணைக்கு வந்தது.

விசாரணைக்கு வந்த நீங்கள், நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடு என்று சொன்னீர்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நாற்பத்தைந்து வயதில் மச்சினன் சொல்லிக்கொடுத்த எழுத்து இது. சாப்பாட்டு நேரத்தில், தூசி படிந்த கார் கண்ணாடியில் விரலால் எழுதிப் பழகினேன். வண்டியைக் கழுவினால் என் படிப்பும் சேர்ந்து போய்விடும். மறுநாள் வேறு வண்டியில் முதலிலிருந்து ஆரம்பிப்பான். என்னை ஒருநாளும் மக்கு என்று சொன்னதில்லை. அந்தக் குறையை நானே தீர்த்துக்கொண்டேன்.

விபத்துக்குக் காரணம் பாட்டில் என்று நீங்கள் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. மச்சினனும் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டான். அது தப்பு. பாட்டில் நல்ல பாட்டில். அதற்கு வாய் இல்லை என்பதால் நான் பேசுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடலை மிதித்தால், குழாயில் இருக்கும் ஆயில் தள்ளிக்கொண்டு போய் கிளட்ச்சைப் பிரிக்கும். அந்தக் குழாயில் காற்று புகுந்தால் போச்சு. மிதிக்கிற மிதியில் காற்றுதான் நசுங்கும். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், கிளட்ச் பிரியாது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் வண்டிக்கு அடியில் பள்ளத்தில் நின்று, கியர்பெட்டி ஓரத்தில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகுவாயை ஸ்பானரால் திறந்து மூடுவான். அவன் மெக்கானிக். இன்னொருவன் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பான். அது நான்.

"அமுக்குங்க மாமா."

"அமுக்கிட்டேன்."

நிப்பிள் திறக்கும், நுரையோடு ஆயில் வரும், நிப்பிள் மூடும்.

"விடுங்க."

"விட்டேன்."

என் உத்தியோகம் முழுவதும் இவ்வளவுதான். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். அதனால் பொறுப்பான உத்தியோகம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு காலத்தில் பள்ளத்தில் நின்றவனும் நான்தான். மனைவியின் தம்பியை நான் வேலை பார்த்த கார் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். இரண்டே வருடத்தில் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கு முட்டி போனது, படி இறங்க முடியவில்லை. "பெரியவரே, நீங்க மேல ராஜா மாதிரி உக்காருங்க" என்றார் முதலாளி. உட்கார்ந்தேன். கூப்பிட்டால் மட்டும் காலை அசைக்கும் ராஜா.

பிறகு பாட்டில் வந்தது. ஒரு தண்ணீர் பாட்டில், கண்ணாடி மாதிரி ஒரு டியூப், மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன வால்வு. வெளியே போவது திரும்பி வராது. அதை நிப்பிளில் மாட்டிவிட்டால், ஒரே ஆள் தானே போய் மிதித்து, தானே வந்து மூடிக்கொள்ளலாம். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த மச்சினன் இரண்டு வாரம் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதோடுதான் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் காட்டினான்.

"மாமா, இனிமே உங்க முட்டிக்கு ரிட்டயர்மென்ட்டு."

முதலாளி டியூப்பைத் தூக்கிப் பார்த்தார். "அட! அப்ப பெரியவரை என்னடா பண்றது? மீன் தொட்டியில விட்டுரலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

"திங்கக்கிழமை அந்த வெள்ளை வண்டியில செஞ்சு பாரு. சரியா வந்துச்சுன்னா பெரியவர் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும், பாவம்."

வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள். "நீங்க ராத்திரி கால் வலின்னு முனகறதைக் கேட்டுட்டுத்தான் தம்பி இதைச் செஞ்சான். ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா என்னங்க?"

நல்லாருக்கு என்று சொன்னேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை அந்த வெள்ளை வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தியது நான். ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழற்றியிருந்ததால் வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டு வைத்தேன். எங்கள் பட்டறையில் எப்போதும் அப்படித்தான் செய்வோம். முன்னால் இரண்டு முழம் தள்ளி இரும்பு மேசை.

மச்சினன் பாட்டிலை மாட்டித் தனியாகவே வேலையை முடித்தான். இருபது நிமிடம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அவன் பின்னால் குழாயடிக்குக் கை கழுவப் போனபோது பெடலை மிதித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் காலுக்கு அப்படி ஒரு கெட்டியான பெடல் வாய்த்ததில்லை. எனக்கு எதிராகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பள்ளத்தில் இறங்கினேன். ஆறு படி. அன்றைக்கு முட்டி ஒரு வார்த்தை முனகவில்லை. நிப்பிளைத் திறந்தேன். மேலே வந்து பெடலை மூன்று தடவை மிதித்து விட்டேன். மறுபடி இறங்கி நிப்பிளை மூடினேன். சொட்டிய ஆயிலைத் துணியால் துடைத்தேன். வேலையில் சுத்தம் இல்லை என்று என்னை யாரும் சொன்னதில்லை. எத்தனையோ வருடமாக வெளியே எடுத்த காற்றில் ஒரு பிடியைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதுவரை நடந்தது வெறும் சின்னப்பிள்ளைத்தனம். முதலாளி மிதித்துப் பார்ப்பார், பெடல் பஞ்சாக இருக்கும், பாட்டிலின் மானம் போகும், நான் ராஜாவாகத் திரும்பி உட்காருவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

முதலாளி வந்தார். மச்சினன் வண்டிக்கு முன்னால், மேசைக்கு முதுகைக் காட்டி, திறந்த பானெட்டுக்குள் குனிந்து நின்றான்.

"முதலாளி, மாமா பாக்கட்டும். அவரு கால் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை. மாமா, ஸ்டார்ட் பண்ணிச் சொல்லுங்க."

"ஆமாமா, பெரியவருக்குப் பிரிவு உபசாரம்" என்றார் முதலாளி.

உட்கார்ந்து மிதித்தேன். கால் தரையில் போய் முட்டியது. பஞ்சு. கியர்க் குச்சி என் உள்ளங்கைக்குக் கீழே முதல் கியரில் இருந்தது. நியூட்ரலுக்குத் தள்ள இரண்டு விரல் போதும். கியரில் இருந்தாலும் கிளட்ச் பிரிந்திருந்தால் வண்டி நகராது. அவன் அந்த நம்பிக்கையில் நின்றான். தன் வேலையை நம்பினான், என் காலையும் நம்பினான். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. மேலிருந்து மூன்றாவது.

"என்ன மாமா, எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு மாப்ள" என்றேன்.

சாவியைத் திருப்பினேன்.

இஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. இரண்டு முழம் தூரம் போக வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறில்லை.

"பெரியவர் கிளட்ச்சை முழுசா அமுக்கித்தான் வச்சிருந்தாரு, என் கண்ணால பாத்தேன்" என்று முதலாளி சாட்சி சொன்னார். அதுவும் உண்மை. அவ்வளவு அழுத்தமாக நான் மிதித்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்ததும் அவன் கேட்டது இது: "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? மன்னிச்சிருங்க மாமா. காத்து முழுசா போகல போல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." அவனுக்கு இடது கால் தொடையோடு போய்விட்டது. இருந்த போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

முதலாளி பாட்டிலைக் குப்பையில் போட்டார். இனி யாரும் தனியாகக் காற்று எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளத்தில் இப்போது வேறு மெக்கானிக். சீட்டில் நான்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பாட்டில்மேல் குற்றமில்லை. மச்சினன் அவசரப்படவும் இல்லை. காற்றை விட்டவன் நான். பெடல் செத்துக்கிடப்பதும் வண்டி கியரில் இருப்பதும் தெரிந்தே சாவியைத் திருப்பியவன் நான். கை தவறவில்லை. சந்தேகம் இருந்தால் இதையே இன்னொரு தடவை எழுதித் தருகிறேன்.

அவனை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறோம். காலையில் தூக்கி உட்கார வைப்பது நான், குளிப்பாட்டுவது நான், பொத்தான் போட்டுவிடுவது நான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மாமா என்று கூப்பிடுகிறான். பாட்டில் செய்த அந்த இரண்டு வார ராத்திரிகளில் வீட்டில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

நேற்று அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கண் கலங்கிப்போய் நின்றாள். "நீங்க மட்டும் இல்லன்னா என் தம்பி என்னங்க ஆயிருப்பான்?" என்றாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன் ஐயா. நடந்துகொண்டிருப்பான். ஆனால் தனியாகத்தானே நடந்துகொண்டிருப்பான்.