பாடையில் கட்டிய கோழி

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நான்தான் இரை போடுவேன் இன்ஸ்பெக்டர் ஐயா. என் காலடி கேட்டாலே ஓடி வரும். அதில் ஒன்றைப் பையில் போட்டு என் வீட்டுக்காரரின் பாடையில் கட்டினேன். அங்கேதான் பிசகிவிட்டது.

அவருக்கு இழுப்பு நோய். ஞாயிறு விடியலில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தார் என்று ஊருக்குச் சொன்னேன். வீரய்யா தவிர எல்லோரும் நம்பினார்கள். அறந்தாங்கியிலிருந்து குளிர்பெட்டி கொண்டுவந்து, பாடை கட்டி, சுடுகாடு வரை பார்ப்பவர் அவர். போகிற சாவுவீட்டில் எல்லாம் கொலைகாரனைத் தேடுவார். தொண்ணூறு வயதுக் கிழவி செத்த வீட்டில் பால் டம்ளரை மோந்து பார்த்து, மருமகளிடம் விளக்குமாற்றால் வாங்கியவர்.

பாடையைத் தூக்கும்போது பை கொக்கரித்தது.

"ஏன் ஆத்தா, சனிக்கெழம செத்தவுகளுக்குத்தானே கோழி கட்டுவாக? அய்யா ஞாயித்துக்கெழமையில்ல போனாரு?" என்றார் வீரய்யா.

"கறி இல்லாம சித்தப்பா எங்கிட்டும் போவ மாட்டாருய்யா," என்றான் பங்காளி மகன் பிரசாந்த். எல்லோரும் சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை.

"நேத்துச் சாயங்காலம் ஒங்க வீட்டு டிவி தெருமுக்கு வரைக்கும் கேட்டுச்சாமே ஆத்தா?"

சனிக்கிழமை போகிறவர் துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிப்போவார், அதற்குப் பதிலாகத்தான் கோழி என்பது உங்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுச் சுகுணா நிறைமாதம். அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மகள் அருணாவும் நிறைமாதமாகத்தான் வந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டியவள். அவன் சிங்கப்பூரில் இருந்தான். வலி கண்டு, தனியாக வந்து எங்கள் கதவைத் தட்டினாள். இவர் தாழ்ப்பாள் போட்டு, என்னை நகர விடாமல், டிவியைச் சத்தமாக வைத்தார். ஆஸ்பத்திரி போகிற வழியில் ஆட்டோவிலேயே தாயும் பிள்ளையும் செத்துப்போனார்கள்.

சனிக்கிழமை அவருக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் என் மடியில் இருந்தது. அறையை வெளியே தாழிட்டு, டிவியைச் சத்தமாக வைத்தேன். அவரும் தட்டினார். அருணா தட்டியதைவிடக் குறைந்த நேரம்தான். எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தர முடியாதபடி ஆகட்டும் என்று விடியும்வரை யாரையும் கூப்பிடவில்லை.

வீரய்யா கேட்டதற்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் பைக்குள் அந்தக் கோழி மூச்சுக்குத் தவித்தது. ஓடிப்போய் அவிழ்த்துவிட்டு, "நேத்தே போயிட்டாருய்யா, இதையாச்சும் விடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஓர் உயிர் அப்படித் தவிப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது ஐயா.